விஎம்/370: கம்பெனி கேட்காமல் பிறந்த சிஸ்டம்

சில வருடங்களுக்கு முன்னால் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு க்ளவுட் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். மூன்றாவது ஸ்லைடில் ஒரு காலக்கோடு. அதில் முதல் வரி: "1999 - விஎம்வேர் - விர்ச்சுவலைசேஷன் ஆரம்பம்." கடைசி வரிசையில், ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருஷம் பாக்கியிருந்த சீனியர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்து காபி குடிக்கப் போனபோது பக்கத்தில் வந்து கேட்டார். "ஏம்ப்பா, தொண்ணூத்திரெண்டுல நான் ஆன்சைட் போனப்ப தினமும் லாக்-இன் பண்ணினது விர்ச்சுவல் மெஷின்லதான். அப்ப அது என்னது?"

என்னிடம் பதில் இல்லை. நான் பி.இ. முடித்து வேலைக்கு வந்த காலத்தில் மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்டில் போட்டால் தண்டனை மாதிரி நினைப்போம். கோபோல், ஜேசிஎல், பச்சை எழுத்துத் திரை. எப்படியாவது தப்பிச்சு ஜாவா பக்கம் போயிடணும். அந்த இளக்காரம் மனசில் இருந்ததால், அந்தப் பெரிய பெட்டிக்குள் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் கேட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தேன். அப்படிச் சேர்ந்த குறிப்புகளைத்தான் இந்தப் பதிவில் தொகுத்திருக்கிறேன்.

தோற்றுப்போனவர்கள் இருந்த கட்டிடம்

கதை நடப்பது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் ஊரில். எம்ஐடி இருக்கும் ஊர்.

1960-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரை உபயோகிப்பது என்றால், துளையிட்ட அட்டைக் கட்டைக் கொண்டுபோய் ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு வருவது. ரிசல்ட் வர மணிக்கணக்காகும், சில சமயம் மறுநாள்தான் வரும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து. இதை மாற்றத்தான் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் சிடிஎஸ்எஸ் என்ற டைம்-ஷேரிங் சிஸ்டம் எழுதினார்கள். 1961 நவம்பரில் ஐபிஎம் 709 மெஷினில் அதை முதலில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரே மெஷினில் பல பேர், ஆளுக்கொரு தட்டச்சு டெர்மினல். ஒவ்வொருவருக்கும் மெஷின் தனக்கே பதில் சொல்வது மாதிரி இருக்கும்.

1963-இல் ப்ராஜெக்ட் மேக் ஆரம்பமானது. சிடிஎஸ்எஸ்ஸை விடப் பெரிய ஒரு சிஸ்டம் எழுதுவது திட்டம், அதுதான் பின்னாளில் மல்டிக்ஸ். அதற்கான மெஷினைத் தாங்கள்தான் கொடுப்போம் என்று ஐபிஎம் நம்பியது. 1964 பிப்ரவரியில் நார்ம் ராஸ்முசன் என்பவர் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் சயின்டிஃபிக் சென்டரைத் தொடங்கினார். இடம், 545 டெக்னாலஜி ஸ்கொயர். ப்ராஜெக்ட் மேக் இருந்த அதே கட்டிடம்!

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது. கம்பெனியே தன்னைப் பணயம் வைத்துச் செய்த மெஷின் குடும்பம். ஆனால் எம்ஐடிக்காரர்கள் தேடிய ஒன்று அதில் இல்லை. ப்ரோக்ராம் சொல்லும் நினைவக முகவரியை, ஹார்டுவேரே ஓடும்போது வேறொரு உண்மையான முகவரியாக மாற்றித் தரும் வசதி. அது இல்லாமல் டைம்-ஷேரிங் செய்வது சிரமம் என்றது எம்ஐடி. மெஷின் ஆர்டர் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குப் போனது. பெல் லேப்ஸும் அந்தப் பக்கமே போனது.

ராஸ்முசன் ஆட்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கைவிட்டுப் போன வாடிக்கையாளரோடு ஒரே லிஃப்டில் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

தலைமையகம் விழித்துக்கொண்டது. முகவரி மாற்றும் வசதியோடு 360 மாடல் 67 என்ற மெஷினை 1965 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதற்கென்று டிஎஸ்எஸ்/360 என்று அதிகாரபூர்வமான டைம்-ஷேரிங் சிஸ்டமும் வரும் என்றார்கள். அதற்குப் பெரிய டீம், பெரிய பட்ஜெட். கேம்பிரிட்ஜ் சென்டருக்கு அதில் முக்கிய இடம் இல்லை. அவர்கள் கையில் இருந்தது சிறிய குழு. எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் வேலை செய்துவிட்டு இந்தப் பக்கம் வந்த ராபர்ட் க்ரீஸி, அவரோடு லெஸ் கோமோ. 1964 டிசம்பர் கடைசி வாரத்தில் இவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி உருவாக்கியதுதான் சிபி-40 என்பதன் வடிவம்.

இரண்டாகப் பிரித்த யோசனை

அப்போது எல்லோரும் யோசித்த வழி இதுதான். ஒரு பெரிய சிஸ்டம், அதுவே நூறு பேரையும் கவனித்துக்கொள்ளும். அவர்களின் ஃபைல்கள், நினைவகம், ப்ரோக்ராம்கள், பாதுகாப்பு எல்லாமே அதன் பொறுப்பு. டிஎஸ்எஸ் அப்படித்தான், மல்டிக்ஸ் அப்படித்தான்.

க்ரீஸியும் கோமோவும் வேலையை இரண்டாக வெட்டினார்கள். முதல் துண்டு கண்ட்ரோல் ப்ரோக்ராம், சுருக்கமாக சிபி. மெஷினைப் பங்கிடுவது மட்டுமே அதன் வேலை. ஃபைல் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பயனருக்கும் அது கொடுப்பது ஒரு முழு சிஸ்டம்/360: கன்சோல், நினைவகம், டிஸ்க், அட்டை ரீடர், பிரிண்டர் எல்லாம் சேர்த்து. இரண்டாவது துண்டு சிஎம்எஸ். ஒரே ஒரு ஆளுக்கான எளிய இயங்குதளம். தன்னைத் தவிர வேறு யாரும் மெஷினில் இல்லை என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டது. ஃபைல், எடிட்டர், கமாண்ட் எல்லாம் இதில்.

நூறு பேரை நினைத்து எழுதுவதை விட ஒரே ஆளை நினைத்து எழுதுவது எவ்வளவு சுலபம் என்று ப்ரோக்ராம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

இது சாத்தியமானதற்கு ஒரு காரணம் சிஸ்டம்/360-இலேயே இருந்தது. ஜீன் ஆம்டால், கெரிட் ப்ளாவ், ஃப்ரெட் ப்ரூக்ஸ் மூவரும் அந்த மெஷினை முதலில் ஒரு புத்தகமாக எழுதினார்கள். எந்தக் கட்டளை என்ன செய்யும், தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று வரையறுத்த 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷன்' கையேடு. உள்ளே எப்படி வயர் இழுப்பது என்பது ஒவ்வொரு மாடலின் சொந்த விஷயம். சின்ன மாடலும் பெரிய மாடலும் அந்தக் கையேட்டுக்குக் கட்டுப்பட்டால் போதும். அப்படியென்றால், அதே கையேட்டுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் ஒரு சாஃப்ட்வேரும் 360 மெஷின்தானே? கேம்பிரிட்ஜ்காரர்கள் செய்தது இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொன்னதுதான்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடணும். பக்கம் பக்கமாக நினைவகத்தை மாற்றும் முறை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அட்லஸ் மெஷினில் 1962-லேயே இருந்தது. ஐபிஎம்மின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்திலும் எம்44/44எக்ஸ் என்ற சோதனை சிஸ்டத்தில் விர்ச்சுவல் மெஷின் என்ற பேச்சு இருந்தது. ஆனால் அங்கே பயனருக்குக் கிடைத்தது உண்மையான மெஷினின் அச்சு அசல் நகல் இல்லை. ஏற்கெனவே எழுதிய ஓஎஸ்ஸை ஒரு எழுத்துகூட மாற்றாமல் உள்ளே ஏற்ற முடிந்தது கேம்பிரிட்ஜில்தான்.

ஹவுஸ் ஓனரின் மோட்டார் சுவிட்ச்

இது எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊர் உதாரணம் சொல்கிறேன்.

ஒரு காம்பவுண்டில் பத்து குடித்தனம். தண்ணீர் மோட்டார் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மோட்டார் சுவிட்ச் இருக்கிறது, பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கும். ஆனால் அந்த சுவிட்ச் மோட்டாரோடு இணைக்கப்படவில்லை. அழுத்தினால் ஹவுஸ் ஓனர் வீட்டில் மணி அடிக்கும். அவர் யார் அழுத்தியது என்று பார்ப்பார், அந்த வீட்டுத் தொட்டிக்கான பங்கைத் திறந்துவிடுவார், பிறகு அந்த வீட்டின் சிவப்பு விளக்கை எரிய விடுவார். குடித்தனக்காரருக்குத் தெரிவதெல்லாம், "சுவிட்ச் போட்டேன், தண்ணி வந்துச்சு."

360-இல் கட்டளைகள் இரண்டு வகை. கூட்டல், கழித்தல் மாதிரி சாதாரணக் கட்டளைகளை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். டிஸ்க்கை இயக்குவது, இன்டரப்டை மறைப்பது போன்ற அதிகாரக் கட்டளைகளை சூப்பர்வைசர் நிலையில் இருப்பவர் மட்டுமே ஓட்டலாம். சிபி மட்டும் உண்மையான சூப்பர்வைசர் நிலையில் இருக்கும். கெஸ்ட் ஓஎஸ் தான் சூப்பர்வைசர் என்று நினைத்துக்கொண்டு, உண்மையில் சாதாரண நிலையில் ஓடும். அது அதிகாரக் கட்டளையைத் தொட்ட உடனே ஹார்டுவேர் அதை நிறுத்தி சிபியிடம் கொடுக்கும். அதுதான் மணி. சிபி அந்த வேலையைப் பாவனையாகச் செய்து முடித்து, கெஸ்ட்டை விட்ட இடத்திலிருந்து ஓட விடும். சாதாரணக் கட்டளைகள் நேராக ஹார்டுவேரிலேயே ஓடுவதால் வேகம் பெரிதாகக் குறையாது.

சிபி-40 ஓடியது 360 மாடல் 40-இல். முகவரி மாற்றும் ஹார்டுவேரைக் கூடுதலாகப் பொருத்தி எடுத்த மெஷின் அது. 1967 ஜனவரியில் தினசரி உபயோகத்துக்கு வந்துவிட்டது. ஒரே நேரத்தில் 14 விர்ச்சுவல் மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் 256 கேபி நினைவகம். அதே வேலையை மாடல் 67-க்கு மாற்றி எழுதியது சிபி-67. 1967 ஏப்ரலிலேயே எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் அது ஓட ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் டிஎஸ்எஸ் திணறிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடியது, அடிக்கடி விழுந்தது. கடைசியில் 1971-இல் முடிவாகக் கைவிடப்பட்டது. மாடல் 67 வாங்கிவிட்டு முழித்துக்கொண்டிருந்த இடங்களுக்கு சிபி-67 தெய்வம் மாதிரி வந்தது. 1968-இல் ஐபிஎம் அதை வெளியே கொடுத்தது, ஆனால் மூன்றாம் வகை ப்ரோக்ராமாக. அர்த்தம்: "எங்க ஆட்கள் எழுதியது, வேணும்னா எடுத்துக்கோங்க, பொறுப்பு எங்களுது இல்லை." கூடவே முழு சோர்ஸ் கோடும் வந்தது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைத்தது எப்படி?

1970 ஜூனில் சிஸ்டம்/370 அறிவிப்பு. அதிலும் விர்ச்சுவல் மெமரி இல்லை! இரண்டு வருடம் கழித்து, 1972 ஆகஸ்ட் 2 அன்றுதான் அதைச் சேர்த்தார்கள். அதே நாளில் விஎம்/370-உம் அறிவிக்கப்பட்டது, சிபி-67-இன் வாரிசாக. முன்பே 370/155 வாங்கியவர்களுக்கு எரிச்சல். சின்ன மாடலான 145-க்கு மைக்ரோகோடை மாற்றினால் போதும், 155-க்கோ காசு கொடுத்துத் தனியாக ஹார்டுவேர் பொருத்த வேண்டும். 155 என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். ஐஐடி மெட்ராஸுக்கு 1973-இல் வந்த மெஷின் அந்த மாடல்தான்.

கம்பெனியின் மனசு எப்போதும் எம்விஎஸ் என்ற பெரிய சிஸ்டத்தின் மேல்தான். விஎம் சித்தி பிள்ளை. அப்புறம் எப்படிப் பிழைத்தது? எனக்குப் படும் காரணங்கள் இரண்டு.

முதலாவது, எம்விஎஸ் எழுதுபவர்களுக்கே விஎம் தேவைப்பட்டது. புது ஓஎஸ்ஸை டெஸ்ட் பண்ண ஆளுக்கொரு மெயின்ஃப்ரேம் கொடுக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. விர்ச்சுவல் மெஷின் கொடுத்தால் ஒருத்தர் ஓஎஸ் விழுந்தாலும் பக்கத்து ஆளுக்குப் பாதிப்பில்லை. இன்னொரு படி மேலே போய், 370-இன் முகவரி மாற்றும் ஹார்டுவேர் கைக்கு வரும் முன்பே, கேம்பிரிட்ஜில் சிபி-67-ஐத் திருத்தி அப்படியொரு 370 மெஷினைப் பாவனையாகக் காட்டினார்கள். இல்லாத மெஷினுக்கான ஓஎஸ்ஸை அதில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. சிபிக்குள்ளேயே இன்னொரு சிபியை ஓட்டி, அதற்குள் சிஎம்எஸ்ஸை ஓட்டுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை. இன்று நாம் 'நெஸ்டட்' என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

1976-இல் விஎம் குழு இருந்த பர்லிங்டன் அலுவலகத்தை மூடி, எல்லோரையும் நியூயார்க் மாநிலத்து பொகீப்ஸிக்கு மாறச் சொன்னார்கள். குடும்பத்தோடு ஊர் மாற மனசில்லாத பலர் அதே மாசசூசெட்ஸிலிருந்த டெக் கம்பெனிக்குத் தாவிவிட்டார்கள். டெக்கின் விஎம்எஸ் சிஸ்டத்துக்குப் பெரிய பங்களிப்பு செய்தது ஐபிஎம் மேனேஜர்தான் என்று ஒரு கிண்டல் உண்டு. அத்தனை பேர் போன பிறகும் விஎம் சாகவில்லை.

இரண்டாவது காரணம் பயனர்கள். சோர்ஸ் கையில் இருந்ததால் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் தாங்களே பிழை திருத்தினார்கள், வசதிகள் சேர்த்தார்கள், ஷேர் என்ற பயனர் சங்கக் கூட்டங்களில் அவற்றைப் பரிமாறிக்கொண்டார்கள். அவர்களின் சின்னம் ஒரு டெடி பியர் பொம்மை. 1981-இல் தொடங்கிய பிட்நெட் பல்கலைக்கழக வலையமைப்பு விஎம் மெஷின்களை வைத்துத்தான் வளர்ந்தது. மைக் கவ்லிஷா எழுதிய ரெக்ஸ் மொழி விஎம் வழியாகத்தான் வெளியே வந்தது. 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் பிறக்காத காலம் அது.

1983 பிப்ரவரியில் ஐபிஎம் ஒரு கொள்கையை அறிவித்தது. இனிமேல் சோர்ஸ் கிடையாது, இயந்திர மொழியில்தான் தருவோம். பயனர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். கடிதம், தீர்மானம், கணக்கெடுப்பு எல்லாம் செய்து பார்த்தும் முடிவு மாறவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த மெலிண்டா வேரியன் என்ற சிஸ்டம் ப்ரோக்ராமர் விஎம் வரலாற்றை நேரில் கேட்டுத் தொகுத்து எழுதியிருக்கிறார். அவர் எழுதியிருக்காவிட்டால் இந்தக் கதையில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது. கம்பெனி தானாக எழுதும் வரலாற்றில் டெடி பியர் வராது.

மணி அடிக்காத சுவிட்சுகள்

சரி, 1999-க்கு வருவோம். விஎம்வேர் செய்தது சின்ன வேலை என்று நான் சொல்ல வரவில்லை. 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஒரு மெஷினை விர்ச்சுவலைஸ் பண்ண என்ன நிபந்தனை என்று கணித முறையில் எழுதினார்கள். நம்ம காம்பவுண்டு பாஷையில்: மோட்டாரைத் தொடும் எந்த சுவிட்சை அழுத்தினாலும் மணி அடித்தே ஆகணும்.

இன்டெல் எக்ஸ்86 ப்ராசஸரில் அப்படி இல்லை. 17 கட்டளைகள் மணி அடிக்காத சுவிட்சுகள் என்று பின்னாளில் ஓர் ஆய்வில் பட்டியலிட்டார்கள். உதாரணம், பாப்எஃப். அதிகாரம் இல்லாத நிலையில் அதை வைத்து இன்டரப்டை மறைக்கப் பார்த்தால், பிழையும் வராது, வேலையும் நடக்காது. சத்தமே இல்லாமல் போய்விடும். ஓனருக்கு எப்படித் தெரியும்? விஎம்வேர்காரர்கள் கெஸ்ட்டின் கோடை ஓட ஓடப் படித்து, அந்தக் கட்டளைகளை மட்டும் மாற்றி எழுதி ஓட்டினார்கள். அசாத்தியமான வேலை. ஆனால் அவர்களில் சிலர் ஸ்டான்போர்டில் 1997-இல் எழுதிய டிஸ்கோ ஆய்வுக் கட்டுரையிலேயே ஐபிஎம்மின் விஎம்/370-ஐ முன்னோடி என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மறைக்கவில்லை. நான்தான் படிக்கவில்லை.

2005 நவம்பரில் இன்டெல் ஹார்டுவேரிலேயே இந்த வசதியைக் கொண்டுவந்தது. மெயின்ஃப்ரேமில் 1980-களிலேயே எஸ்ஐஇ என்ற ஒரே கட்டளை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2006-இல் அமேசான் ஈசி2 வந்தது. அதற்கு ஆறு வருடம் முன்பே, 2000-இல், டேவிட் பாய்ஸ் என்பவர் ஒரே ஒரு ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் விஎம் மேல் 41,400 லினக்ஸ்களை ஏற்றிக் காட்டினார். ஒவ்வொன்றும் தான் தனி மெஷினில் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டரை என் லேப்டாப்பில் போட்டு, அதில் பழைய விஎம்/370-ஐ ஏற்றினேன். அதன் சோர்ஸ், மூடுவதற்கு முன்னாடி வெளியானது, இன்றும் கிடைக்கிறது. லாக்-இன் செய்து சிஎம்எஸ்ஸை பூட் பண்ணினேன். இன்னொரு பயனருக்கு ஒரு ஃபைல் அனுப்பணும். அதற்கு வழி, என் விர்ச்சுவல் பன்ச் மெஷினில் ஃபைலை அட்டையாகத் துளைத்து, அவருடைய விர்ச்சுவல் ரீடரில் விழ வைப்பது. அட்டையே கிடையாது. ஆனாலும் ஒரு வரிக்கு 80 எழுத்துதான். இரண்டு டெர்மினலிலும் நானேதான். அனுப்பி, பெற்று, திறந்து பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என்ன என்று கேட்டார்கள், விளக்க முயன்று தோற்றேன்.

அந்தத் திரையை ஃபோட்டோ எடுத்து ரிட்டயர் ஆன அந்த சீனியருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது. "இதேதான். நம்ம டீம்ல தினமும் காலைல முதல் வேலை ரீடர்ல என்ன விழுந்திருக்குன்னு பார்க்கறதுதான். ஸ்லைடை மாத்திட்டியா?"

மாற்றிவிட்டேன். காலக்கோட்டின் முதல் வரியில் இப்போது 1967 ஜனவரி, கேம்பிரிட்ஜ், சிபி-40 என்று இருக்கிறது. 1999 கீழே இறங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் 1983-ஐயும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். புதுப் பிள்ளைகளில் யாராவது "அது என்ன சார்?" என்று கேட்டால் சொல்லலாம் என்று. இதுவரை இரண்டு பேட்ச் முடிந்திருக்கிறது. ஒரே ஒரு பெண் கேட்டாள். அன்று வகுப்பு முக்கால் மணி நேரம் கூடுதலாகப் போனது.

பிட்நெட் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. அடுத்த பதிவில் பார்க்கலாம்.